கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் நோய் போகுமா?

"ஒரே நாளில் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடலாமாமே?" பிள்ளைப்பேற்றின் பின் கூடிய நிறையைக் குறைக்க முயன்று சலித்த சகோதரிகள் பலரின் கேள்வி இது. லைப்போசக்ஷன் எனும் சத்திரசிகிச்சையையே இவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் உருவான முறை இது. தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். இடுப்பும் தொடையும் மெலிந்து தெரியும். ஆனால் நோய் குறையுமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழக வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றிலிருந்து, ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. அவர்களுள் 7 பேர் நீரிழிவு நோயாளிகள். மூன்று மாதமளவில் மீண்டும் பரிசோதித்தபோது இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், இன்சுலினின் செயற்பாடு எதிலும் முன்னேற்றமில்லை!

காரணம் என்ன? குழாய் எடுப்பது தோலுக்குக் கீழுள்ள கொழுப்பை மட்டுமே. ஈரலிலும் குடலைச் சுற்றியும் படிந்து நோயை வளர்க்கும் கொழுப்பு அப்படியே இருக்கிறது. உணவைக் குறைத்து, நடந்து மெலியும்போதோ அதுவும் கரைகிறது. 80 கிலோ நிறையுள்ள ஒருவர் இவ்வாறு 4 கிலோ குறைத்தாலே பலன் தெரியத் தொடங்கும்.

ஆபத்தும் உண்டு. இரத்தக்கட்டியோ கொழுப்புத் துணிக்கையோ நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம். பருத்தவர்களுக்கு மயக்க மருந்தாலும் ஆபத்து அதிகம்.

சகோதரிகளே, லைப்போசக்ஷன் உடலுக்கு வடிவம் தருவது. நிறை குறைக்கும் வைத்தியமன்று. பணத்தைச் செலவிடுமுன் தேநீரில் போடும் சீனியையும், சோற்றுக் கோப்பையின் அளவையும் ஒரு தடவை பாருங்கள். பின்னர் வைத்தியரைக் கேளுங்கள்.