‘பாலிப்’ என்றதும் பதறிப் போனேன்!

மாதவிலக்கு நின்று 2 வருஷம் கழித்துத் திடீரென்று உதிரப்போக்கு. “சூடாயிருக்கும்” என்று வெந்தயம் விழுங்கியே 3 மாதம் ஓட்டினேன். (அசடு!)

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, “கர்ப்பப்பையில பாலிப் இருக்கும்மா” என்றார்.

விலங்கியல் படிக்கும் என் மகளோ, “ஜெல்லி மீன்ல பலதும் முதல்ல பாலிப்தாம்மா. பாறையில ஒட்டி வளர்ந்து, அடுக்கின தட்டு மாதிரி பிரிஞ்சு, ஒவ்வொண்ணும் குட்டியா நீந்திப் போயிடும்” என்றாள். எனக்குப் பகீரென்றது!

டாக்டரம்மா சிரித்தார். கிரேக்கத்தில் ‘பல கால்’ என்று பொருளாம். பெயர் மட்டும்தான் ஒன்று. நமக்கு வருவது உள்சவ்வில் வளரும் சதை. பெரும்பாலும் சாது, சிலருக்குப் புற்றாகவும் இருக்கலாம். அதனால், விலக்கு நின்றபின் ஒரு துளி பட்டாலும் உடனே காட்ட வேண்டுமாம்.

மயக்கம் கொடுத்து, குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தபடியே சதையை எடுத்தார்கள். வயிற்றில் தையல் இல்லை. பரிசோதனை முடிவு வர 10 நாள். அதுவரை மகள் ஜெல்லி மீன் பேச்சே எடுக்கவில்லை.

புற்று இல்லையாம்!