கபடிக் கூட்டமைப்பின் சுற்றறிக்கைகளும் தாமிரபரணிக் கரை ஊர்க் குழுக்களும்

இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு, இந்தியாவில் கபடி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு ஆகும். வயது வரம்பு, எடை வரம்பு, ஆட்ட விதிகள், தேசியப் போட்டிகளின் நாள், இடம் ஆகியவற்றை இவ்வமைப்பு சுற்றறிக்கைகள் மூலம் மாநிலச் சங்கங்களுக்குத் தெரிவிக்கிறது. அவை மாநிலச் சங்கத்திலிருந்து மாவட்டச் சங்கத்துக்கும், அங்கிருந்து ஊர்க் குழுக்களுக்கும் வந்து சேர வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கபடிக் குழு இல்லாத ஊர்கள் குறைவு. இங்கு விளையாடும் இளைஞர்களில் பலருக்குக் கபடி வேலைவாய்ப்புக்கான ஒரு வழியாகவும் இருப்பதால், இந்தச் சுற்றறிக்கைகள் வெறும் அலுவலகத் தாள்களாக நின்றுவிடுவதில்லை.

பின்னணி

தமிழ்நாட்டில் சடுகுடு என்று வழங்கிவந்த ஆட்டம், 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றிய பிறகு நாடு முழுவதற்கும் பொதுவான விதிகளைப் பெற்றது. இன்றைய கூட்டமைப்பு 1972இல் உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முதலாகப் பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று.

தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்தவர் மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவரது வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன் காளமாடன்' திரைப்படம் 2025இல் வெளிவந்தது. ஊர் மைதானத்தில் தொடங்கி நாட்டின் அணி வரை ஒருவர் செல்ல முடியும் என்பதற்கு இப்பகுதியினர் முதலில் சொல்லும் பெயர் அவருடையதே.

இப்பகுதியில் கோயில் கொடை, பொங்கல் நாட்களை ஒட்டி மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடைபெறுகின்றன. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, நீர் தெளித்துக் களம் அமைப்பார்கள். மின்கம்பங்களில் விளக்குகள் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். நோட்டீசில் பரிசுத் தொகையும் சுழற்கோப்பை வழங்குபவர் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆட்டத்தின் தரத்தில் இப்போட்டிகள் குறைந்தவை அல்ல. ஆனால் இவற்றில் வென்ற கோப்பை எத்தனை இருந்தாலும் அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அது கணக்கில் வராது. இந்த உண்மையைப் பல இளைஞர்கள் விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் அறிகிறார்கள்.

அங்கீகாரச் சங்கிலி

விளையாட்டு நிர்வாகம் உலகெங்கும் ஏணி போன்ற அமைப்பைக் கொண்டது. மேலே சர்வதேசக் கபடிக் கூட்டமைப்பு, அதன் கீழ் தேசியக் கூட்டமைப்பு, அதன் கீழ் தமிழ்நாடு மாநிலச் சங்கம், பிறகு மாவட்டச் சங்கம், கடைசியில் ஊர்க் குழு. ஒவ்வொரு படியிலும் மேலே உள்ள அமைப்பு கீழே உள்ள ஒன்றை இணைப்பு கொடுத்து ஏற்க வேண்டும். தேசியக் கூட்டமைப்புக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரமும் தேவை. 2011இல் வெளியான தேசிய விளையாட்டு மேம்பாட்டு நெறிமுறை இதற்கான நிபந்தனைகளை வகுத்தது.

ஊர்க் குழு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு செய்யப்படலாம். பதிவு செய்த குழு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பதிவாளரிடம் பெற்ற எண் குழுவுக்குச் சட்டப்படியான இருப்பைத் தருகிறதே தவிர, விளையாட்டு அங்கீகாரத்தைத் தருவதில்லை. அது மாவட்டக் கபடிச் சங்கத்தின் இணைப்பால் மட்டுமே வரும். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு தாள்கள்.

இணைப்புள்ள குழுவின் ஆட்டக்காரர் மாவட்டத் தேர்வில் கலந்துகொள்கிறார். மாவட்ட அணி மாநிலப் போட்டியில் ஆடுகிறது. அங்கு தேர்வாகும் 12 பேர் தமிழ்நாட்டின் சார்பில் தேசியப் போட்டிக்குச் செல்கிறார்கள்.

சான்றிதழின் மதிப்பு

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிக்கும் முறையில் சான்றிதழ்களுக்குப் படிவ எண்கள் உண்டு. நாட்டின் சார்பில் ஆடியவருக்குப் படிவம் 1. இதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையொப்பமிடுவார். மாநிலத்தின் சார்பில் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. இதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையொப்பமிடுவார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4. தமிழ்நாடு அரசும் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு வழங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது கையொப்பம் இடுபவர் யார் என்பதே. போட்டி நடந்த காலத்தில் அந்தச் சங்கம் அங்கீகாரம் பெற்றிருந்ததா என்று வேலை தரும் துறை சரிபார்க்கும். கபடியின் பெயரில் வேறு சில அமைப்புகளும் 'தேசிய' அளவில் என்று சொல்லிப் போட்டிகள் நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம் செலுத்தி, வெளிமாநிலம் சென்று, பதக்கமும் அச்சிட்ட சான்றிதழும் பெற்றுத் திரும்பும் இளைஞருக்கு அத்தாளால் பயனில்லாமல் போகலாம். போட்டிக்குச் செல்லும் முன் மாவட்டச் சங்கத்திடமோ, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடமோ கேட்டறிந்தால் ஒரு பேருந்துக் கட்டணத்தோடு காரியம் முடிந்துவிடும்.

வயதும் எடையும்

கூட்டமைப்பின் அறிவிப்புகளில் ஊர்க் குழுக்களை மிகுதியாகப் பாதிப்பவை இவ்விரண்டும்தான். கபடியில் எடைக்கு வரம்பு உண்டு. மூத்தோர் ஆண்கள் பிரிவில் முன்பு 80 கிலோவாக இருந்த வரம்பு பின்னர் 85 கிலோவாக உயர்த்தப்பட்டது. இளையோர் பிரிவுக்கு வயது வரம்பு 20. அதற்கும் கீழான சிறுவர் பிரிவுக்கு வயது வரம்பு 16, எடை வரம்பு 55 கிலோ. மின்னொளிப் போட்டி நோட்டீசுகளிலும் எடைப் பிரிவைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் அது போட்டி நடத்துபவர் விருப்பம். கூட்டமைப்பின் பிரிவோடு பொருந்த வேண்டியதில்லை.

வயதை எந்த நாளைக் கொண்டு கணக்கிடுவது என்பது ஒவ்வொரு போட்டியின் சுற்றறிக்கையிலும் குறிப்பிடப்படும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் அணியைத் தயார் செய்து, சில நாள் வித்தியாசத்தில் நல்ல ஆட்டக்காரரை இழக்க நேரிடலாம். பள்ளி விளையாட்டுகளில் வயதுப் பிரிவுகள் 14, 17, 19 என்று வேறாக இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. பள்ளியில் 17 வயதுப் பிரிவில் ஆடும் மாணவர் கூட்டமைப்பின் சிறுவர் பிரிவுக்கு மூத்தவராக இருக்கக்கூடும்.

வயதைக் குறைத்துக் காட்டுவதைத் தடுக்க மத்திய அரசு 2010இல் ஒரு தேசிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஐயம் எழும்போது இடக்கை மணிக்கட்டை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் ஆகிய மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருப்பது அவசியம். பள்ளியில் சேர்க்கும்போது வாய்வழியாகச் சொன்ன தேதி பதிவாகி, மற்றவற்றோடு முரண்படுவது கிராமப்புறங்களில் புதிதல்ல. அதைத் திருத்தச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் பயன் இராது.

எடை பார்க்கும் நாளுக்கு முன் உணவையும் தண்ணீரையும் குறைத்து, வியர்வை சிந்த ஓடும் பழக்கம் இளைஞர்களிடம் உள்ளது. வளரும் வயதில் இது உடலுக்குத் தீங்கானது. எடை கூடியவரை மேல் பிரிவுக்கு அனுப்புவதே முறை.

விதி மாற்றங்கள்

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்கு 20 நிமிடம் கொண்ட இரு பாதிகள், பெண்களுக்கு 15 நிமிடம் கொண்ட இரு பாதிகள், இடையில் 5 நிமிட ஓய்வு. ஒரு முறை பாடிச் செல்ல 30 நொடி. இவை பலருக்கும் தெரிந்தவை. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக், தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியைத் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் கொண்டுசேர்த்தது. தொலைக்காட்சியில் பார்த்த விதியையே கூட்டமைப்பின் விதி என்று கொள்ளும் பழக்கமும் அதோடு வந்தது.

லீக் விதியும் சர்வதேச விதியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 அக்டோபர் 7 அன்று நடந்த ஆண்கள் இறுதி ஆட்டம் இதற்குச் சான்று. இந்தியாவும் ஈரானும் 28–28 என்று சமநிலையில் இருந்தபோது பவன் செராவத் பாடிச் சென்று, யாரையும் தொடாமல் லாபி எனப்படும் ஓரப் பட்டையில் கால் வைத்தார். ஈரான் தடுப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் வந்தனர். தொடுதல் இல்லாமல் லாபிக்குள் நுழைந்த அனைவரும் ஆட்டமிழப்பர் என்பது சர்வதேச விதி. பாடிச் சென்றவர் மட்டுமே ஆட்டமிழப்பார் என்பது லீக்கில் பின்பற்றப்பட்ட புதிய விதி. எந்த விதி பொருந்தும் என்ற வாதத்தில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33–29 என்று வென்றது. ஆசியாவின் மிகப் பெரிய மேடையிலேயே இக்குழப்பம் என்றால், ஊர்த் திடலில் நடுவரைச் சூழ்ந்து நிற்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

விரிப்பில் ஆடுவது இன்னொரு மாற்றம். தேசியப் போட்டிகள் இப்போது மேட் எனப்படும் செயற்கை விரிப்பில், அதற்குரிய காலணியோடு நடைபெறுகின்றன. மண்ணில் வெறுங்காலோடு பழகியவருக்குத் திரும்பும் வேகமும் கணுக்கால் பிடிக்குத் தப்பும் முறையும் இதில் மாறிவிடுகின்றன. மாவட்டத் தேர்வுக்கு முன் சில நாட்களாவது விரிப்பில் பழகாதவர் திறமை இருந்தும் பின்தங்கிவிடுகிறார்.

தலைமை தடுமாறிய ஆண்டுகள்

சங்கிலியின் மேல் வளையம் பழுதானால் என்ன ஆகும் என்பதைக் கபடி அண்மைக் காலத்தில் கண்டது. கூட்டமைப்பின் தலைவராக ஜனார்தன் சிங் கெலாட் 1984 முதல் 2013 வரை இருந்தார். பிறகு அவர் ஆயுட்காலத் தலைவராக, அவரது மனைவி தலைவரானார். இதை எதிர்த்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அத்தேர்வுகளைச் செல்லாதென அறிவித்து, நிர்வாகத்தை நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியிடம் ஒப்படைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். பி. கார்க் அப்பொறுப்பில் இருந்தார். அதே ஆண்டு, ஆசியப் போட்டிக்குச் சென்ற அணிக்கும் தேர்வாகாதவர்களுக்கும் இடையே செப்டம்பர் 15 அன்று ஓர் ஆட்டம் நடத்துமாறும் நீதிமன்றம் பணித்தது. ஆசியப் போட்டி அணி களத்துக்கு வரவில்லை.

தேசியப் போட்டிகள் இக்காலத்தில் நின்றுவிடவில்லை. 2022இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியிலும் 2024இல் மகாராட்டிரத்தின் அகமதுநகரிலும் நடந்தன. எனினும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை என்ற காரணத்தால் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆட்டக்காரர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2023 டிசம்பரில் தேர்வான நிர்வாகிகளிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதமே தெஹ்ரானில் நடந்த ஆசிய மகளிர் கபடிப் போட்டியின் இறுதியில் இந்தியா ஈரானை 32–25 என்று வென்றது. வழக்கு இன்னும் சில வாரங்கள் நீண்டிருந்தால் அந்த 12 பெண்களுக்கும் அப்பதக்கம் இல்லை.

கால்பந்தில் இதைவிட மோசமாக நடந்தது. 2022 ஆகஸ்டில் பிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை 11 நாட்கள் இடைநீக்கம் செய்தபோது, கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்று சேர்ந்திருந்தது. ஆடாமலே திரும்பியது.

இத்தகைய சிக்கல்களுக்காகவே நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. கூட்டமைப்புகளை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியமும், தகராறுகளைத் தீர்க்கத் தீர்ப்பாயமும் அமைக்க இச்சட்டம் வழிசெய்கிறது.

மாவட்டப் பிரிப்பின் விளைவு

மாவட்டச் சங்கம் பொதுவாக வருவாய் மாவட்டத்தை ஒட்டி அமைவது. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. ஒரே ஆற்றுப் படுகையில் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஊர்க் குழுக்கள் திருநெல்வேலியிலும், கடையம் பகுதிக் குழுக்கள் தென்காசியிலும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிக் குழுக்கள் தூத்துக்குடியிலும் இணைய வேண்டியவை. எல்லையோர ஊர்களில், ஒரு மாவட்டத்தில் வீடும் மறு மாவட்டத்தில் கல்லூரியும் உள்ள ஆட்டக்காரர்கள் பலர். ஒருவர் ஒரே பருவத்தில் இரு மாவட்டங்களுக்கு ஆட முடியாது. மாற விரும்பினால் முதல் மாவட்டச் சங்கத்திடம் எழுத்து வடிவில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வாய்மொழி இசைவை நம்பிப் போனவர் மாநிலப் போட்டியின் பதிவு மேசையில் திருப்பி அனுப்பப்படலாம்.

குழு இணைப்பு இல்லாதவர்களுக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கபடியும் உண்டு. பள்ளி, கல்லூரி, பொதுப் பிரிவு என இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். பொதுப் பிரிவில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் ஆடலாம். ஆனால் இது மாநில அளவில் முடிந்துவிடும் போட்டி. படிவம் 2 வேண்டுமென்றால் மாவட்டச் சங்கத்தின் தேர்வுக்கே செல்ல வேண்டும்.