பெட்டிக்கு முன்னால் பத்திரம்

இரவு ஒன்பது மணி. சுங்கை வேயில் எங்கள் டியூஷன் வகுப்பு நடக்கும் மண்டபத்தின் தரையில் பதினெட்டுப் பெட்டிகள் திறந்து கிடந்தன. நடுவில் ஒரு பதினைந்து வயதுப் பையன், கையில் எடை பார்க்கும் கொக்கித் தராசு.

"அக்கா, இது எட்டு கிலோ. கையில கொண்டு போற பேக் ஏழுதான் இருக்கணும். மைலோ பாக்கெட்ட எடுக்கச் சொல்லுங்க."

யாருடைய பெட்டி எத்தனை கிலோ, யார் பல் துலக்கும் பிரஷ்ஷை மறந்தார்கள், யாருடைய அம்மா மூன்று போர்வை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனுடைய பெட்டி மட்டும் அங்கே இல்லை.

காலையில் வானொலியில் பேசுவது என் தொழில். சனிக்கிழமை மதியம் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது மனதுக்குப் பிடித்த வேலை. தொண்டூழியர்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் வகுப்பு இது. சோழர் வரலாறு படித்துக் கொண்டிருந்தபோது, "கடாரம் கொண்டான்னு பாடத்துல வருது, அந்தக் கடாரம் நம்ம கெடாதானே? அங்கிருந்து வந்தவங்க ஊரை நாம பார்க்கலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அங்கே தொடங்கியதுதான் இந்த எட்டு நாள் பயணம். திருச்சியில் இறங்கி, 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில், ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம், பிறகு மதுரை, 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் என்று திட்டம் போட்டோம். ஓராண்டாக மாதம் ஐம்பது ரிங்கிட் கட்டினார்கள். ஞாயிறு காலைகளில் நாசி லெமாக் விற்றோம், கார் கழுவினோம்.

முதல் கூட்டத்தில் என்ன பேசினோம் தெரியுமா? டி-சட்டையின் நிறம்! இரண்டாவது கூட்டத்தில் பெட்டியின் அளவு. கடப்பிதழைப் பற்றிப் பேசியது நான்காவது கூட்டத்தில். புறப்பட இரண்டு மாதம்தான் இருந்தது.

அவன் சொல்லாமல் விட்டது

"எல்லாரும் அடுத்த வாரம் கடப்பிதழ் நகல் கொண்டு வாங்க" என்றேன். இரண்டு வாரம் போயிற்று. அவன் மட்டும் கொண்டு வரவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்து, எல்லோர் முன்னிலையிலும் கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மைக் முன்னால் பேசிப் பேசி வந்த பழக்கம். அவன் சிரித்தான். அன்று மாலை அவனுடைய பாட்டி மண்டபத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவனுடைய பிறப்புப் பத்திரம். அதில் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்கா நெகாரா' என்று இருந்தது. குடிமகன் அல்லன்.

அவன் பிறந்தது இங்கேதான். அப்பா மலேசியர். அம்மா வெளிநாட்டவர். அவன் பிறந்தபோது அவர்கள் திருமணம் பதிவாகவில்லை. அந்த நிலையில் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும் என்பது சட்டம். பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் அந்த ஒரு வரி தானாக மாறுவதில்லை. பன்னிரண்டு வயதில் கூட்டாளிகள் எல்லாம் மைகார்டு எடுத்தபோது இவன் எடுக்கவில்லை. மைகார்டு இல்லை என்றால் மலேசியக் கடப்பிதழும் இல்லை.

"அவன் காசு கட்டும்போதே நான் சொல்லியிருக்கணும்மா. சொன்னா வகுப்புலேர்ந்தே நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் பாட்டி. எனக்குப் பேச்சு வரவில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் ஒரு இரும்புப் பெட்டியோடு வந்தவர். பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் கழித்த தோட்டத்துப் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பழைய கதை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பட்டியல், திருத்திய பிறகு

பிள்ளைகளைக் குழுவாக வெளிநாடு அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோருக்கும் சங்கத்தினருக்கும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதல் கூட்டத்திலேயே பத்திரங்களைப் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாகக் கேளுங்கள். கடப்பிதழ் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெற்றோர் உடன் வராத பிள்ளைக்கு இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது பெயர். நம் பெயர்களில் வரும் ஏ/எல், ஏ/பி பல டிக்கெட் தளங்களில் தலைவலி. சாய்கோட்டை ஏற்காத இடத்தில் அதை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போடுகிறோம். டிக்கெட்டை ஒருவரும் விசாவை இன்னொருவரும் நிரப்பினால் இரண்டு விதமாக வந்துவிடும். ஒரே ஆள், கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நிரப்புவது நல்லது.

மலிவு விலை விமானத்தில் கைப்பெட்டிக்கு ஏழு கிலோ. மற்ற பெட்டிக்கு எத்தனை கிலோ வாங்கினீர்களோ அவ்வளவுதான். போகும்போதே நிரப்பினால் வரும்போது புடவைக்கும் முறுக்குக்கும் இடமிருக்காது. பவர் பேங்க் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. நெத்திலி சம்பலும் சில்லி சாஸும் நேர்மாறு. நூறு மில்லிக்கு மேலான புட்டிகள் கைப்பையில் போனால் சோதனையில் நின்றுவிடும். இரண்டு நெகிழிப் பையில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

நம் மூன்று தட்டை முனை பிளக் அங்கே பொருந்தாது, அங்கே உருண்டை முனை. மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை அதன் அசல் உறையோடும் மருத்துவர் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள், ஆஸ்துமா குழல் இருந்தால் கண்டிப்பாக. கோயில் பயணம் என்பதால் அரைக்கால் சட்டை வேண்டாம். கழற்றி மாட்ட எளிதான செருப்பும், நண்பகல் கல் தரைக்கு ஒரு ஜோடி காலுறையும் உதவும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு போக முடியாது. அதனால் கூடுமிடமும் நேரமும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கட்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும். அம்மா அடுக்கினால் பிள்ளைக்கு எது எங்கே என்று தெரியாது. திருச்சியில் முதல் இரவு எங்களுக்கு வந்த பதினொரு அழைப்புகளும் "என் துண்டு எங்கே?" என்பதுதான்.

இரண்டு தட்டு

அவன் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பாட்டி வாங்கிக்கொண்டார். வகுப்பை அவன் விட்டுவிடுவான் என்று பயந்தேன். அடுத்த சனிக்கிழமை அந்தத் தராசோடு வந்தான், மாமாவிடம் இரவல் வாங்கினானாம். "நான் வரலன்னா என்ன அக்கா? இவங்க விமான நிலையத்துல அதிக எடைக்குக் காசு கட்டக் கூடாது" என்றான்.

புறப்பட்ட நாள் விடியற்காலையில் பெட்டிகளைப் பேருந்தில் ஏற்றியவன் அவன்தான். கேஎல்ஐஏ இரண்டாவது முனையம் வரை கூட வந்தான். எங்கள் ஒரு பெட்டிகூட எடையில் நிற்கவில்லை. உள்ளே போகும் வாசலில் நின்று கடைசிப் பெட்டியை இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்பினான். கங்கைகொண்ட சோழபுரத்தில் எல்லோரும் படம் எடுத்தபோது, கடாரத்தைப் பற்றிக் கேட்ட அதே மாணவி, "இவன் இருந்திருந்தா கல்லோட எடையக் கேட்டிருப்பான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, பாட்டியோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போனது. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழலில் உள்ள பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிவு செய்ய இடம் தருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு. காத்திருந்தால் வாய்ப்பே போய்விடும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அந்தச் சொற்கள் இருந்தால், அதை மடித்து வைக்காதீர்கள். பயணம் வரும்போது பார்க்கலாம் என்றும் விடாதீர்கள். இந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் பாரத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறோம். டி-சட்டை அளவு கடைசி வரிக்குப் போய்விட்டது. முதல் பெயரை அவன்தான் எழுதியிருக்கிறான்.