கவாத்துக்குப் பிறகு வரும் வெயில்

கவாத்து முடிந்த திராட்சைத் தோட்டத்தில் நிழல் இருக்காது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம், பந்தலில் இலை மூடியிருக்கும் மாதங்களில் நடுப்பகலிலும் குளுமையாக நின்று வேலை பார்க்கலாம். கொடியை வெட்டிவிட்ட மறுநாள் அதே இடத்தில் கல்தூணும் கம்பியும்தான் மிஞ்சும். மறுபடி இலை கூடும்வரை வெயில் நேராகத் தலையில் இறங்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டில் ஒருமுறை விளைவதோடு நிற்பதில்லை, கவாத்தும் அப்படித்தான்.

இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் முகத்து மங்குக்காகவோ, ஓர் இளைஞர் பட்டாளத் தேர்வுக்குமுன் கையில் குத்திய பச்சையை அழிக்கவோ தோல் மருத்துவரிடம் போனால், லேசர் பற்றிய பேச்சில் முதலில் வருவது வெயில். முன்னும் பின்னும் சுமார் நான்கு வாரம் வெயில் படக்கூடாது என்பார்கள். விடுமுறைக்குக் கடற்கரை தேடிப்போகும் நாடுகளில் இது எளிய அறிவுரை. கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலில் நிற்பதுதான் வேலை, கூலியும் அதற்குத்தான்.

ஆனால் விதியின் பின்னே இருக்கும் அறிவியல் வலுவானது. 1960 மே மாதம் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்த சில ஆண்டுகளிலேயே, அமெரிக்கத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதித்தார். இன்றும் தழும்புகளைச் சீராக்கப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு நுணுக்கத்தை விளக்கினார்கள்: இலக்கு எந்த நிறத்து ஒளியை நன்றாக உறிஞ்சுமோ அதைத் தேர்ந்து, மிகக் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால், இலக்கு மட்டும் சூடேறிச் சிதையும், சுற்றியுள்ள பகுதி தப்பும்.

சிக்கல் தோலுக்கு நிறம் தரும் மெலனினில் இருக்கிறது. பச்சையின் மையும், முடி நீக்கும்போது இலக்காகும் முடியின் வேரும் ஆழத்தில் இருக்க, மேல்தோலின் மெலனின் வழியிலேயே ஒளியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. வெயிலில் கருத்த தோலில் அந்தப் பங்கு இன்னும் பெரிது. அப்போது சூடேறுவது மேல்தோல்தான். கொப்புளம், தீப்புண், சிலருக்கு வெள்ளைத் திட்டு என்று முடியும். வெயில் பட்ட தோல் அடுத்த சில நாட்களில் மேலும் கருக்கும். அந்த மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். முன்கூட்டியே காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தோலை வெயிலுக்கு ஏற்ப வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975இல் வெள்ளைத் தோலை வைத்தே தொடங்கியது. பழுப்பு, கரிய தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்ந்தன. நம் ஊர்த் தோல் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறுக்குள் வரும். மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசரை இங்கே மருத்துவர்கள் நாடுவது அதனால்தான். மங்குக்கோ லேசர் முதல் மருந்தே அல்ல. அவசரப்பட்டால் மங்கு முன்னைவிட அடர்ந்துபோகலாம்.

சிகிச்சைக்குப் பின் வரும் வெயில் வேறு விதமாகப் படுத்தும். சூடுபட்ட தோலில் நிறமி செல்கள் உசுப்பப்பட்டிருக்கும். சிறிய தூண்டலுக்கும் நிறத்தைக் கொட்டும். புண் ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பழுப்புத் தோலைக் கருக்கச் செய்யும் என்று 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனை மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

தேனியில் சூரியன் நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இருமுறை: சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுவிலும், ஆவணியில் வரும் ஆகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் பகல் பன்னிரண்டே கால் தாண்டியதும் நிழல் காலடியில் ஒடுங்கும். கல்யாண முகூர்த்தமும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் இந்தச் சித்திரைக் காலத்தை ஒட்டியே வருகின்றன. விசேஷத்தில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று அதற்கு முந்தைய வாரத்தில் லேசர் செய்துகொள்வதைப்போல் தவறான கணக்கு வேறில்லை. ஆனி, ஆடிச் சாரலையும் நம்பக்கூடாது. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் பெருமளவு கடந்துவரும். போடியிலிருந்து ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறும்போது குளிர் கூடும், கதிரும் கூடும்: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம்.

பள்ளத்தாக்கின் பெண்களிடம் நல்ல கவசம் ஏற்கெனவே இருக்கிறது. சேலைக்கு மேல் மாட்டும் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் கட்டும் துண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவேண்டிய, வியர்வையில் கரையும் கிரீமைவிடக் கூலி வேலைக்கு இதுவே நம்பகமானது. நைந்த துணியும் வியர்வையில் நனைந்த பருத்தியும் கதிரை அதிகம் விடும். நெருக்கமாக நெய்த, அடர்நிறச் சட்டை நல்லது, மாற்றுச் சட்டை ஒன்று கையிலிருந்தால் இன்னும் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளக் கிரீம் வேண்டும். பலர் அவ்வளவு பூசுவதில்லை.

"வெயிலில் போகாதீங்கம்மா" என்று எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. என்ன வேலை, எந்த நேரத்தில், பந்தலில் இப்போது இலை இருக்கிறதா என்று மருத்துவர் கேட்க வேண்டும். கொடி வெட்டியிருந்தால் இலை மூடி ஒரு மாதம் ஆகும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம். அதன்பின் முதல் அமர்வு, அடுத்த கவாத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கடைசி அமர்வு என்று, தோட்டத்துக்காரரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளலாம்.