பிடிப்பும் நெகிழ்வும்: மரச்சட்டகக் கட்டடங்களில் உள்தடுப்புச் சுவர்களைப் பொருத்தும் நெறியும் தமிழ்ச் சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் தனி வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டகங்களால் எழுப்பப்படுபவை. ஈரப்பத மாற்றம், சுமை, நிலத்தின் வீக்கம் ஆகிய மூன்று காரணங்களால் அச்சட்டகங்கள் அசைகின்றன. அறைகளைப் பிரிப்பதற்காக மட்டும் நிறுத்தப்படும் சுவர்கள் இவ்வசைவுக்கு இடமளிக்காமல் இறுகப் பிணைக்கப்பட்டால், பலகைகள் வெடிக்கின்றன, கதவுகள் சிக்கிக்கொள்கின்றன, தாங்க வேண்டாத சுமையைச் சுவர் தாங்க நேர்கிறது. இக்கட்டுரை அவ்வசைவுகளின் தன்மையையும் அவற்றுக்கேற்ற பிணைப்பு முறைகளையும் விளக்குகிறது. ஒரு முனையை முழுமையாகப் பிடித்து, மறு முனையைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து நிறுத்துவதே இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான நெறி என்பதை நிறுவுவதும், அந்நெறியைப் பிறழாமல் உணர்த்தும் தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைப்பதும் இதன் நோக்கங்களாகும்.

குறிச்சொற்கள்: மரச்சட்டகம், உள்தடுப்புச் சுவர், கூரை எழுச்சி, தொங்கு சுவர், நீள்துளைக் கிளிப், அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தமிழில் ‘கட்டு’ என்னும் வினை பிணித்தலையும் எழுப்புதலையும் ஒருங்கே குறிக்கிறது. கன்றைக் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். இறுகப் பிணைக்கப்பட்டதே உறுதியான கட்டடம் என்னும் எண்ணம் இச்சொல்லோடு இயல்பாகவே வந்து சேர்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் சிமென்டும் கொண்டு எழுப்பிய சுவர்களையே பெரிதும் அறிந்த நமக்கு இவ்வெண்ணம் பெரும்பாலும் இடர் விளைப்பதில்லை. மரச்சட்டகக் கட்டடங்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படும்போதுதான் இடர் தோன்றுகிறது. அங்கே ஒரு சுவரை நன்றாகப் பொருத்துவது என்பது, அது எத்திசையில் அசையக்கூடாது, எத்திசையில் பிற உறுப்புகளின் அசைவைத் தடுக்கக்கூடாது என இரண்டையும் தீர்மானிப்பதாகும்.

இப்பொருள் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. கனடாவின் ரொறொன்ரோ வட்டாரத்தில் குடியேறிய தமிழர் பலர் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். நிலவறையை அறைகளாகத் தடுத்துக்கொள்வதும் அங்குப் பரவலான வழக்கமே. அவர்களுக்கான கட்டட விளக்கம் தமிழில் எழுதப்படும்போது ‘உறுதியாகப் பொருத்துக’ என்னும் ஒற்றைத் தொடர் போதாது. சில இடங்களில் அது தவறான அறிவுரையாகவும் அமைந்துவிடும்.

சுவரின் அமைப்பு

மரச்சட்டக வீட்டின் உள்தடுப்புச் சுவர் எளிய அமைப்புடையது. தரையில் ஒரு கிடைச்சட்டம், மேலே ஒரு கிடைச்சட்டம், இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்தப்பட்ட நிலைச்சட்டங்கள், இருபுறமும் திருகாணிகளால் பதிக்கப்பட்ட ஜிப்சம் பலகைகள் என்பனவே அதன் உறுப்புகள். இச்சுவர்கள் இருவகைப்படும். கூரையின் அல்லது மேல்தளத்தின் சுமையைத் தாங்கி அடித்தளத்திற்குக் கடத்துபவை ஒருவகை. அறையைப் பிரிப்பதற்கு மட்டும் நிற்பவை மற்றொருவகை. ஈண்டு ஆராயப்படுவது இரண்டாம் வகை மட்டுமே. சுமை தாங்கும் சுவரின் தலையில் இடைவெளி விடுவது பெரும்பிழை. ஆதலின் எச்சுவர் எவ்வகையைச் சார்ந்தது என்று கட்டட வரைபடத்தின் துணையோடு உறுதிசெய்வதே முதற்பணி.

அசைவின் மூன்று காரணங்கள்

முதலாவது, மரத்தின் இயல்பு. மரம் ஈரத்தை ஏற்கும்போது விரிந்து, இழக்கும்போது சுருங்குகிறது. இச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. ஆண்டு வளையங்களின் போக்கில் மிகுதியாகவும், நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத்திசையில் ஏறத்தாழ அதில் பாதியாகவும், இழையின் நீளத்தில் மிகக் குறைவாகவும் சுருங்குகிறது. பச்சைமரம் முற்றிலும் உலரும்போதும் இழைநீளச் சுருக்கம் பொதுவாக 0.1 முதல் 0.2 விழுக்காடு மட்டுமே. ஆனால் மரத்தின் இளமைப் பருவத்தில் உருவான உட்பகுதியிலும், சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரத்தின் அழுத்தப் பகுதியிலும் இது 2 விழுக்காடு வரை செல்லக்கூடும். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கிவரும் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் வெளியிடும் மரக் கையேட்டில் இவ்வளவுகள் மரவகை வாரியாகத் தரப்பட்டுள்ளன.

உலர்ந்ததாக விற்கப்படும் கட்டுமான மரத்தில் 19 விழுக்காடு வரை ஈரம் இருக்கலாம். சூடாக்கப்பட்ட வீட்டினுள் அது காலப்போக்கில் 8 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. 235 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு தளவிட்டம் இவ்வாறு உலரும்போது ஏறத்தாழ 5 முதல் 6 மில்லிமீட்டர் உயரம் குறைகிறது.

இரண்டாவது, சுமையால் நேரும் வளைவு. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, தளவிட்டம் பயன்பாட்டுச் சுமையின்கீழ் தன் இடைநீளத்தில் 360-இல் ஒரு பங்கு வரை வளைய இடமளிக்கிறது. 4.8 மீட்டர் இடைநீளத்திற்கு இது ஏறத்தாழ 13 மில்லிமீட்டராகும். விட்டத்தின் நடுப்பகுதியின் கீழே ஒரு தடுப்புச் சுவர் இறுக நிறுத்தப்பட்டிருந்தால், வளைந்து இறங்கும் விட்டம் அதன்மேல் அமர்கிறது. அப்போது சுமை தாங்காச் சுவர் சுமை தாங்குவதாகி, அச்சுமையைத் தன் கீழுள்ள தளத்தின்மேல் இறக்குகிறது. அத்தளம் அதற்கென வடிவமைக்கப்பட்டதன்று.

மூன்றாவது, நிலத்தின் வீக்கம். கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் பருப்பதை நாம் அறிவோம். நீரை உறிஞ்சி வீங்கும் களிமக் கனிமங்களே அதற்குக் காரணம். கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், டென்வர் நகரை உள்ளிட்ட பகுதியில், இதே இயல்புடைய பென்டோனைட் கலந்த மண் காணப்படுகிறது. அங்கு வீடுகளின் அடித்தளம் ஆழமான தூண்களின்மேல் அசையாது நிற்பினும், நிலவறையின் கான்கிரீட் தளம் மண்ணின்மேல் நேரடியாகக் கிடப்பதால் மண்ணோடு சேர்ந்து மேலெழுகிறது.

கூரை எழுச்சி

மேற்கூறியவற்றுள் தனித்து நோக்கத்தக்கது குளிர்நாடுகளில் காணப்படும் கூரை எழுச்சியாகும். அங்குக் கூரையைத் தாங்குபவை ‘டிரஸ்’ எனப்படும் முக்கோணச் சட்டகங்கள். அவற்றின் சாய்வுறுப்பு மேல்நாண் எனவும், உட்கூரைப் பலகை பதிக்கப்படும் கிடையுறுப்பு கீழ்நாண் எனவும் பெயர்பெறும். குளிர்காலத்தில் கீழ்நாண் தடித்த வெப்பக்காப்பினுள் புதைந்து வெப்பமாகவும் உலர்ந்தும் இருக்கிறது. மேல்நாணோ குளிர்ந்த காற்றில் ஈரத்தை ஏற்கிறது. மேல்நாண் சற்றே நீள, கீழ்நாண் சற்றே சுருங்க, இரண்டும் இணைக்கப்பட்டிருப்பதால் கீழ்நாண் நடுவில் வில்போல் மேல்நோக்கி வளைகிறது. இழைநீளச் சுருக்கம் மிகுந்த மரம் கீழ்நாணில் அமைந்துவிட்டால் வளைவும் மிகும். அரை அங்குலத்திற்கு மேற்பட்ட எழுச்சியும் காணப்படுவதுண்டு. கோடையில் அது மீண்டும் இறங்குகிறது.

இதன் விளைவாக, வீட்டின் நடுப்பகுதித் தடுப்புச் சுவர் உட்கூரையைச் சந்திக்கும் மூலையில் ஆண்டுதோறும் பிளவு தோன்றி மறைகிறது. சுவரின் மேல்சட்டம் கீழ்நாணோடு ஆணியால் இறுக அறையப்பட்டிருந்தால் சுவரே தூக்கப்பட்டு, பிளவு தரையோரத்தில் தோன்றுவதும் உண்டு. பூசியும் வண்ணம் தீட்டியும் இப்பிளவை மறைக்க முயல்வது அடுத்த குளிர்காலம் வரை மட்டுமே பயன்தரும். ஏனெனில் குறை பூச்சில் இல்லை, பிணைப்பில் இருக்கிறது.

மேல்முனையை நெகிழவிடும் முறை

கூரையும் மேல்தளமும் அசையும் இடங்களில் சுவரின் கீழ்முனை தரையோடு முழுமையாகப் பிணைக்கப்படுகிறது. சுவர் தேவையான உயரத்தைவிட ஏறத்தாழ அரை அங்குலம் குறைவாக அமைக்கப்பட்டு, மேல்சட்டத்திற்கும் கீழ்நாணுக்கும் இடையே இடைவெளி விடப்படுகிறது.

ஆனால் இடைவெளி மட்டும் போதாது. உள்சுவர்கள் சதுர அடிக்கு 5 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.24 கிலோநியூட்டன், பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதி. 2.4 மீட்டர் உயரச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் இது ஏறத்தாழ 59 கிலோகிராம் எடைக்கு ஈடான தள்ளுவிசையாகும். அதில் பாதியை மேல்முனை ஏற்க வேண்டும். எனவே மேல்முனை மேலும் கீழும் தடையின்றி இருப்பினும் பக்கவாட்டில் பிடிக்கப்பட்டே ஆக வேண்டும்.

இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவது நீள்துளைக் கிளிப். மடிக்கப்பட்ட உலோகத் தகடாகிய இதன் ஒருபுறம் சுவரின் மேல்சட்டத்தில் அறையப்படுகிறது. மறுபுறத்திலுள்ள செங்குத்தான நீள்துளையின் வழியே ஓர் ஆணி கீழ்நாணில் அடிக்கப்படுகிறது. அந்த ஆணியின் தலை தகட்டை நெருக்காதவாறு சற்றே விலகி நிற்க வேண்டும்; எழுச்சிக்கும் இறக்கத்திற்கும் வேண்டிய இடம் துளையில் எஞ்சியிருக்க வேண்டும். ஆணியை முழுவதும் அடித்து இறுக்கிவிட்டால் கிளிப் வெறும் தகடாகிவிடும். சுவர் டிரஸ்களுக்கு இணையாக, இரண்டிற்கும் நடுவே செல்லுமாயின், அவற்றிடையே இடைக்கட்டைகள் பதித்து அவற்றோடு கிளிப் இணைக்கப்படுகிறது.

உட்கூரைப் பலகைக்கும் இந்நெறி பொருந்தும். சுவரிலிருந்து 16 முதல் 18 அங்குலத் தொலைவு வரை பலகை டிரஸோடு திருகப்படுவதில்லை. அதன் ஓரம் சுவரின் மேல்சட்டத்தில் பதித்த துணைக்கட்டையில் பொருத்தப்படுகிறது. டிரஸ் எழும்போது பலகையின் ஓரம் சுவரோடு நிற்க, இடைப்பகுதி மெல்ல வளைந்து கொடுக்கிறது. மூலை பிளவுபடுவதில்லை.

கீழ்முனையை நெகிழவிடும் முறை

தளம் மேலெழும் நிலவறைகளில் இம்முறை தலைகீழாகிறது. சுவரின் மேல்முனை மேலுள்ள தளவிட்டங்களோடு இறுகப் பிணைக்கப்பட்டு, சுவர் முழுதும் அவற்றிலிருந்து தொங்குகிறது. கான்கிரீட் தளத்தின்மேல் பூச்சிக்கும் ஈரத்திற்கும் எதிராகப் பதப்படுத்திய ஒரு சட்டம் தனியே பதிக்கப்படுகிறது. அதற்கும் சுவரின் கீழ்ச்சட்டத்திற்கும் இடையே, மண்ணின் வீக்கத்திற்கேற்ப, பெரும்பாலும் ஒன்றரை முதல் 3 அங்குல இடைவெளி விடப்படுகிறது. சுவரின் கீழ்ச்சட்டத்தில் முன்னரே துளையிட்டு, நீண்ட ஆணிகள் அத்துளைகளின் வழியே தளச்சட்டத்தில் அடிக்கப்படுகின்றன. தளம் எழும்போது ஆணி துளைக்குள் வழுக்கி ஏறுகிறது. சுவர் பக்கவாட்டில் நகர்வதை அதே ஆணி தடுக்கிறது.

இங்குத் தவறுகள் பெரும்பாலும் இறுதிக்கட்டப் பணியில் நிகழ்கின்றன. ஜிப்சம் பலகையைத் தரை வரை இறக்கிவிடுதல், கதவுநிலையைத் தரையில் ஊன்றிவிடுதல், அடிப்பட்டையைச் சுவரிலும் தளச்சட்டத்திலும் சேர்த்து அறைந்துவிடுதல் ஆகிய ஒவ்வொன்றும் விடப்பட்ட இடைவெளியைப் பயனற்றதாக்கும். எழும் தளம் அப்போது சுவரை உந்த, சுவர் மேலுள்ள விட்டங்களை உந்தும். அடிப்பட்டை இரண்டில் ஒன்றில் மட்டுமே அறையப்பட வேண்டும்.

பொது நெறியும் சொல்லாக்கமும்

இருமுறைகளையும் ஒப்பிடுகையில் பொது நெறி தெளிவாகிறது. எம்முனை அசையும் உறுப்பைச் சந்திக்கிறதோ அம்முனை செங்குத்துத் திசையில் விடப்படுகிறது. மறுமுனை முழுமையாகப் பிடிக்கப்படுகிறது. பக்கவாட்டில் இருமுனைகளும் பிடிக்கப்படுகின்றன. இருமுனைகளையும் செங்குத்தாக இறுக்கினால் சுவர் சுமை தாங்கியாகிவிடும். பக்கவாட்டிலும் விட்டுவிட்டால் சாய்ந்துவிடும்.

இந்நெறியின் ஒளியில் சில சொற்களைப் பரிந்துரைக்கலாம். நிலவறைச் சுவரை ஆங்கில வழக்கு ‘மிதக்கும் சுவர்’ எனக் குறிக்கிறது. இதனை அவ்வாறே மொழிபெயர்த்தால், எதனோடும் பிணைக்கப்படாத சுவர் என்னும் பொருள் தோன்றும். அது தொங்குவதால் ‘தொங்கு சுவர்’ என்பதே செயலை உணர்த்தும். மேல்முனை நெகிழும் சுவரை ‘தலைநெகிழ் சுவர்’ எனலாம். இறுகப் பிணைப்பதைப் ‘பிடிப்பு’ என்றும், ஒரு திசையில் அசையவிட்டு மறுதிசையில் தடுப்பதை ‘வழிப்பிடிப்பு’ என்றும் வேறுபடுத்தினால், ‘பொருத்துதல்’ என்னும் பொதுச்சொல்லால் விளையும் மயக்கம் நீங்கும்.

முடிவுரை

மரச்சட்டகக் கட்டடத்தில் அசைவைத் தடுக்க முடியாது. அதற்கு வழிவிடவே முடியும். உள்தடுப்புச் சுவரின் உறுதி ஆணிகளின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. எத்திசையில் எம்முனை பிடிக்கப்படுகிறது என்பதைச் சார்ந்தது. நீள்துளையில் முழுவதும் அடிக்கப்படாத ஆணி அரைகுறை வேலையாகத் தோன்றினும் அதுவே முறையான வேலை. இதனைத் தமிழில் எழுதுவோர் ‘பொருத்துக’ என்று கூறுமிடந்தோறும் திசையையும் முனையையும் சேர்த்துக் கூறுதல் இன்றியமையாதது. சொல் திருத்தமாக அமைந்தால் அதைப் படித்து வேலை செய்பவரின் சுவரும் திருத்தமாக அமையும். கலைச்சொல்லாக்கத்தில் சொல்லுக்குச் சொல் நிகர் தேடுவதைவிட, பொருளின் செயலைக் கண்டு பெயரிடுவதே ஏற்புடையது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.