வால்வு செட்டா, பிட்எக்ஸா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் எல்லோரும் கேட்பது இன்டர்நெட் கனெக்‌ஷன். அது இல்லாமலேயே கடல் கடந்த ஊர்க்காரருடன் டைப் செய்து பேசலாம், ஹாம் ரேடியோ இருந்தால்! அனுப்பவும் கேட்கவும் உதவும் அந்த டிரான்ஸ்சீவரை நீங்களே செய்யலாம்.

பலருக்கு முதல் ஆசை வால்வு செட் மேல்தான். தாத்தா காலத்து ரேடியோவில் இருந்த இஎல்84 வால்வு ஒன்று, ஒரு கிரிஸ்டல், ஒரு மோர்ஸ் கீ இருந்தால் டிரான்ஸ்மிட்டர் தயாராகிவிடும். சர்க்யூட் எளிது, ஆபத்து பெரிது. வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போதும். ஆனால் ஆனோடுக்கு ஏறக்குறைய 250 வோல்ட் டிசி வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிரே போகலாம். அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (வியு2இஎஸ்இ) 2000-களின் முற்பகுதியில் வடிவமைத்தது. 12 வோல்ட்டில் ஓடும், சுமார் 6 வாட் அனுப்பும், 14 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். வெளிநாட்டு பாகங்களைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் இதன் சிறப்பு. கம்ப்யூட்டர் போர்டுகளில் வரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் இதற்கு ஃபில்டர். காயில் சுற்ற குழாய் வாஷர்! மற்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை. செட்டின் ஆடியோவை சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். எஃப்எல்டிஜி என்ற இலவச சாஃப்ட்வேர் பிஎஸ்கே31 சிக்னலை எழுத்தாக்கித் திரையில் காட்டும். பீட்டர் மார்டினஸ் 1998-ல் கொண்டுவந்த முறை இது. சில வாட்டிலேயே வெகுதூரம் போகும். இடையில் 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் போட மறக்காதீர்கள். வால்வு செட் என்றால் கட்டாயம். ஒரு தவறான வயர் மதர்போர்டையே எரித்துவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. தையல் மெஷின் சர்வோ மோட்டார், நிட்டிங் மெஷின் டிரைவ், ஏன், உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் கூட ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். பனியன் கம்பெனி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

லைசென்ஸ் இல்லாமல் அனுப்புவது குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்துத் தருகிறது. சாலிடரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆன்டெனாவுக்கு மொட்டை மாடியில் பக்கத்துக்கு 5 மீட்டராக மொத்தம் 10 மீட்டர் வயர் போதும். மின்கம்பிக்கு அருகில் மட்டும் கட்டாதீர்கள்.