முதல் மூன்று வாரம் தாண்டிவிட்டால்...

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப் போயிருக்கிறதா? அல்லது அடுத்த ஆண்டு போகவிருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

'போனான், படித்தான், இன்ஜினியர் ஆனான்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். போனதற்கும் படித்ததற்கும் நடுவில் ஒரு மூன்று வாரம் இருக்கிறது. அந்த மூன்று வாரத்தைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. நான் பேசப் போகிறேன். அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டுபவர் ஒருவர். அவர் மனைவி உதிரிப்பழம் பொறுக்குகிறார். அவர்களுடைய மூத்த மகள் என்னிடம் மூன்றாம் ஆண்டில் வாய்பாடு படித்தவள். ஏழாம் வாய்பாட்டில் தடுக்கி விழுந்து, அழுது, மறுநாள் தலைகீழாக ஒப்பித்தவள். பிறகு பட்டணத்து இடைநிலைப் பள்ளி, எஸ்.பி.எம்., ஆறாம் படிவம், எஸ்.டி.பி.எம். எல்லாம் முடித்தாள். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. "என் பேரைப் போடாதீங்க சார், பாஸான பிறகு போடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் பெயர் வேண்டாம்.

பதியும் நாளன்று நானும் வேனில் கூடப் போனேன். ஏறக்குறைய 250 கிலோமீட்டர் பயணம். வேனுக்குள் தலையணை, வாளி, துணி உலர்த்தும் கம்பி, அம்மா வறுத்துக் கொடுத்த கருவாட்டுச் சம்பல், அப்பாவின் பழைய பயணப்பெட்டி. புறப்படும்போது லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்றது. ஒரு பாட்டி அவள் கையில் பத்து வெள்ளியைத் திணித்து, "பெரிய ஆபீசரா வா" என்றார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதை 1904-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ஒரு தொழில்நுட்பப் பள்ளிதான் அதன் வேர். அதே காலத்தில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ரப்பர்க் காடுகளைத் திறக்க இங்கே வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளி வளர்ந்து 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் 1,100 ஹெக்டருக்கும் மேல் பரந்தது. நம் தோட்டத்துக் கணக்கில் பார்த்தால் அதுவே பல டிவிஷன்கள் கொண்ட ஒரு பெரிய தோட்டம்! நடுவில் 'லிங்காரான் இல்மு' என்ற வட்டச்சாலை. விடுதியிலிருந்து வகுப்புக்கு வளாகத்துப் பேருந்தில்தான் போகவேண்டும்.

விடியலிலிருந்து நள்ளிரவு வரை

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறாள். பிரட்டுக்கு எழுந்த வீட்டுப் பிள்ளை. அதில் அவளுக்குச் சிரமமில்லை. எட்டு மணிக்கு முதல் விரிவுரை. பேருந்தைத் தவறவிட்டால் வெயிலில் ஓட்டநடை. விரிவுரை மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசுகிறார். திரையில் படம் மாறிக்கொண்டே போகிறது. பள்ளிக்கூடத்தைப் போலக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'எல்லாரும் எழுதி முடிச்சாச்சா?' என்று கேட்பவர் அங்கே இல்லை.

முதல் பருவத்தில் அவளுக்கு உள்ள பாடங்களில் முக்கியமானவை: பொறியியல் கணிதம், நிலையியல், பொறியியல் வரைபடம், கணினி நிரல், பட்டறைப் பயிற்சி. பட்டறைக்குப் பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மதியம் பட்டறை, மாலை பயிற்சி வகுப்பு, இரவு வீட்டுப்பாடம். விளக்கணைக்கும்போது மணி பன்னிரண்டு.

'வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரந்தானே வகுப்பு? மிச்ச நேரம் என்ன செய்கிறார்கள்?' என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகத்தில் பாடங்களை 'கிரெடிட்' என்ற அளவால் எடை போடுகிறார்கள். மலேசியத் தகுதி விதிப்படி ஒரு கிரெடிட் என்றால், வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. ஒரு பருவத்தில் 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். விடுமுறை, பரீட்சை நாள் எல்லாம் சேர்த்துப் பருவத்தைப் 18 வாரமாக வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 40 மணி நேரம். பொறியியல் மாணவர்கள் பலர் இதற்கு மேலேயும் உழைக்கிறார்கள். ஆகவே, உங்கள் பிள்ளை அங்கே சும்மா இருக்கவில்லை. முழுநாள் வேலை பார்க்கிறது. சம்பளந்தான் பின்னால் வரும்.

கையில் காசில்லாத நாட்கள்

இனி பணத்துக்கு வருவோம்.

பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கடன் உண்டுதான், ஆனால் பதிந்த அன்றே பணம் கைக்கு வந்துவிடாது. விண்ணப்பம், ஒப்பந்தம், கையொப்பம், சரிபார்ப்பு என்று வாரங்கள் ஓடும். சப்பாத்தும் வரைகருவியும் பேருந்துக்காசும் முதல் வாரத்திலேயே கேட்கும். இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்கு மனுச் செய்யுமுன் பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். இடம் கிடைத்த கையோடு முன்பணத்துக்கும் மனுச் செய்யுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி வரை கொடுக்கிறார்கள்.

ஊழியர் சேமநிதியில் உங்கள் சொந்தப் பணமும் இருக்கிறது. 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்தார்கள். அவற்றில் 'செஜாத்ரா' என்ற கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினரா? அங்கும் கல்வி உதவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வட்டிக்காரனிடம் போவது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.

நம் பெண்ணின் வீட்டில் இதெல்லாம் தெரியாது. எனக்கும் அப்போது பாதிதான் தெரியும். அவள் கையில் இரண்டாவது வாரம் மிஞ்சியது எண்பது வெள்ளி. மதியம் சோறும் ஒரு காயும், இரவில் பிஸ்கட்டும் தே ஓ-வும். அறைத்தோழி கேட்டால், 'எனக்குப் பசியில்ல' என்பாள். மடிக்கணினி இல்லாததால் நூலகத்துக் கணினிக்குக் காத்திருந்து வீட்டுப்பாடம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு வந்த அழைப்பு

இரண்டாவது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு என் கைப்பேசி அடித்தது.

"சார், நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?"

நிலையியலில் முதல் சிறு தேர்வு. பத்துக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மாணவி அவள். "எல்லாருக்கும் புரியுது சார், எனக்கு மட்டும் புரியல. அப்பா காசும் வீணாப் போவுது" என்றாள். பிறகு பேச்சில்லை, மூக்குறிஞ்சும் ஓசை மட்டும்.

வாசகர்களே, இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'சரிம்மா, வந்துடு' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஏன் தெரியுமா? நானும் அப்படித் திரும்பி வந்தவன். பதினெட்டு வயதில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன். வரைகருவிப் பெட்டி வாங்கக் காசில்லை. கேட்கவும் வெட்கம். பதினாறாம் நாள் பெட்டியோடு தோட்டத்து வாசலில் வந்து இறங்கினேன். என் அப்பா, "சரி விடுப்பா, வந்துட்டியே, அதுவே போதும்" என்றார். அன்பால் சொன்ன சொல்தான். ஆனால் 'ஏன் வந்தாய்?' என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை ஒரு வரைகருவிப் பெட்டிதான்! பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன், சான்றிதழ் பெற்றேன். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாலம் ஒன்றைக் கடக்கும்போதெல்லாம், இதைக் கட்டத் தெரிந்திருப்பேனே என்று மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நாளைக்கு நானும் அப்பாவும் வர்றோம். அதுவரைக்கும் பெட்டி கட்டாதே" என்றேன்.

தள்ளுவண்டிக் கணக்கு

மறுநாள் விடுதி வாசல் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். தேர்வுத்தாளைக் காட்டச் சொன்னேன். ஒரு பொருளை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியே வரைந்து, அதன்மேல் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விசை விழுகிறது என்று அம்புக்குறி போடவேண்டும். அம்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டினால்தான் பொருள் அசையாமல் நிற்கும். நிலையியலின் உயிரே இந்தப் படம்தான். அவளுக்கு அந்தப் படம் பிடிபடவில்லை.

எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அப்போது அவள் அப்பாவிடம், "குலையை ஏத்தித் தள்ளுற வண்டியில எங்க பாரம் வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"முன்னால, சக்கரத்துக்குக் கிட்ட வைப்போம் சார். பின்னால வச்சா கை போயிரும்" என்றார்.

அவள் தலைநிமிர்ந்தாள். தாளைத் திருப்பிப்போட்டு வண்டியை வரைந்தாள். சக்கர அச்சிலிருந்து கைப்பிடி 120 செண்டிமீட்டர். 60 கிலோ குலை அச்சிலிருந்து 40 செண்டிமீட்டரில் இருந்தால் கை தாங்கவேண்டியது 20 கிலோ. மிச்சம் 40 கிலோவைச் சக்கரம் தாங்குகிறது. அதே குலையை 80 செண்டிமீட்டருக்குப் பின்தள்ளினால் கைக்கு வருவது 40 கிலோ. இரண்டு மடங்கு!

அப்பா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இருபது வருசமா நான் செய்யறதுதான் இது. இதுக்கா நீ அழுவுற?" என்றார். அழுதவள் சிரித்தாள்.

அன்று மாலை மூன்று காரியம் செய்தோம். முன்பணத்துக்கு மனுச் செய்தோம். திங்கட்கிழமை அவளுடைய கல்வி ஆலோசகரைப் பார்க்க வைப்பதாக உறுதி வாங்கினோம். ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி ஒருவர் உண்டு, நம் பிள்ளைகள்தான் கதவைத் தட்டக் கூசுகிறார்கள். மேல் ஆண்டுத் தமிழ் மாணவி ஒருத்தியின் பழைய குறிப்புகளை வாங்கிக் கொடுத்தோம்.

மூன்றாவது வாரத்துத் தேர்வில் பத்துக்கு ஆறு. அறுபது விழுக்காடு பெரிய வெற்றியா என்று கேட்காதீர்கள். பருவ முடிவில் என்ன வாங்குவாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அங்கே இருக்கிறாள்.

பெற்றோரே, உங்களுக்கு

வீட்டுச் சண்டையையும் கடன்காரன் வந்ததையும் பரீட்சை வாரத்தில் போனில் சொல்லாதீர்கள். ஒரே தடவையில் முந்நூறு அனுப்புவதைவிட வாரா வாரம் ஐம்பது அனுப்புங்கள்; கை நிற்கும். திருவிழாவுக்கெல்லாம் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காமல், "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். விடையில் எல்லாம் தெரிந்துவிடும்.

பாதை நீளமானது. நான்கு ஆண்டுப் பட்டம். பிறகு, 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு. குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம். அதற்கும் மேல் ஒரு தேர்வு. அதன்பிறகே முழுத் தகுதி. 2009 முதல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். ஆகவே அங்கீகாரம் பெற்ற இந்நாட்டுப் பொறியியல் பட்டத்துக்கு உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. இவ்வளவு நீண்ட பாதையில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது தொடக்கத்திலேதான்.

பெட்டியோடு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், உள்ளே கூப்பிடுங்கள், சோறு போடுங்கள். சோறு போட்ட பிறகு, 'ஏன் வந்தாய்?' என்று மறக்காமல் கேளுங்கள். விடை ஒரு வரைகருவிப் பெட்டியாகவும் இருக்கலாம்.